சத்தம் நின்ற தட்டிவான்

எங்கள் தட்டிவான் வருவது அரை மைலுக்கு முன்னரே தெரிந்துவிடும். பூவரசங்குளத்தில் பெரிய வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்கும் மண் பாதையில் ஒரு மதகு உண்டு. அந்த மதகைத் தாண்டி நான் வேகம் பிடித்ததும் வண்டியின் அடிவயிற்றில் இருந்து ஒரு முனகல் கிளம்பும். வேகம் கூடக்கூட அது ஊளையாக மாறும். பாதையின் முடிவில் எங்கள் குடியேற்றம், நாற்பது வீடுகள். அந்த ஊளையைக் கேட்ட பிறகு தான் அங்கே பெண்கள் பின்னேரத் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பார்கள். வருவது நான், வேறு எவரும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

தட்டிவான் என்பது பழைய லொறியின் அடிச்சட்டத்தில் பலகைக் கூடு கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்ட வண்டி. பின்தட்டை இறக்கினால் நெல் மூட்டையும் ஏறும், ஆடும் ஏறும், கலியாண வீட்டுக்குப் போகிற சனமும் ஏறும். விடிய ஆட்களை வவுனியாவுக்குக் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் நாலு மணியளவில் திருப்பிக் கொண்டுவருவேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வயல் செய்ய வந்தவர்கள் நாங்கள். என் தகப்பனுக்கு வயல் ஒட்டியது, எனக்கு ஒட்டவில்லை. சேறு என்றால் எனக்கு எரிச்சல் வரும், எண்ணெய் அழுக்கு என்றால் வராது.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் காதை நம்பித்தான் உயிரோடு இருந்தோம். சீருடைக்காரர் எந்த நேரம் வருவார்கள் என்று தெரியாது. வந்தால் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண் எவன் அகப்பட்டாலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். சித்திரை மாதம் பக்கத்துக் குடியேற்றத்தில் மூன்று பேரை ஏற்றினார்கள். ஒருவன் திரும்பி வந்தான். மற்ற இருவரையும் பற்றிக் கேட்கப் போன தாய்மாருக்கு, அப்படி ஆட்களே இங்கே இல்லை என்று பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்தது. வாகனச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். உழவு மெசினா, உரம் கொண்டுவரும் லொறியா, என்னுடைய வானா? மூன்றும் இல்லையென்றால் ஓட வேண்டியது தான். முதலில் ஆண்கள், பின்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள். வீடுகளுக்குப் பின்னால் நூற்றைம்பது அடி தூரத்தில் காடு தொடங்கிவிடும்.

எங்கள் வளவுக்குள்ளேயே ஒரு கொட்டில் போட்டு என் மனைவியின் அண்ணன் இருந்தான். எனக்கு மச்சான். முப்பத்தொரு வயது. கலியாணம் கட்டவில்லை. நெடுத்த ஆள், கதை குறைவு, ரோசம் கூட. தாயும் தகப்பனும் போன பிறகு என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது அவன் ஒருவன் தான். அவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற ஒரே பயத்தோடு தான் அவள் அந்த வருஷம் எழும்பினாள், படுத்தாள். எனக்கும் அந்த வயது தான். ஆனால் நான் தினமும் காவலரண்களைத் தாண்டிப் போய்வருகிறவன், என் முகமும் வண்டியும் அங்கே பழகிவிட்டன. அவன் வயலைத் தவிர ஒரு இடமும் போகாதவன். அவனைத் தெரிந்தவர்கள் எங்கள் ஊருக்கு வெளியே ஒருவரும் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். ஆளைப் பார்த்து நாலு பகிடி விடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதிலும் மச்சானை விட்டால் வேறு யாரைப் பகிடி பண்ணுவது? முறை அப்படி. அவனும் ஆரம்பத்தில் திருப்பித் தருவான், பிறகு என் வாய்க்கு ஈடுகொடுக்க முடியாமல் எழும்பிப் போய்விடுவான்.

ஆடி மாதம் அந்த ஊளையோடு ஒரு கடகடப்பும் சேர்ந்தது. வவுனியாவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். இயந்திரத்தின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டை நாங்கள் சாஃப்ற் என்போம். லொறிகளில் அது இரண்டு துண்டு. இரண்டும் சந்திக்கும் நடு இடத்தை ஒரு பெயாரிங் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். என்னுடைய வண்டியில் அந்தப் பெயாரிங் கிறீஸ் இல்லாமல் வறண்டு போயிருந்தது. இத்தனை நாளும் ஊளையிட்டது அது தான்.

"இன்னும் பத்து நாள் தாங்கும்" என்றார் அவர். "பிறகு உது இறுகும். சாஃப்ற் கழண்டு நிலத்தில குத்தும். ஓட்டத்தில குத்தினால் வானைத் தூக்கிப் பிரட்டிப்போடும். எத்தினை பேரை ஏத்திறனீ?"

"முப்பது பேர் வரும்."

"அப்ப யோசி."

புதுப் பெயாரிங் கொழும்பில் இருந்து வரவேண்டும். அந்த நாட்களில் கொழும்புக்குப் போய்வரச் சொல்லி யாரைக் கேட்பது? கழற்றிக் கழுவிக் கிறீஸ் அடைத்துப் பூட்டினால் ஆறு மாதம் ஓடும் என்றார். அவருடைய கறாச்சில் வண்டியை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. நிற்கிற வாகனத்தை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகக்கூடிய காலம். வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்து, ஒரு பேணி கிறீஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வளவில் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய ஒருவர் இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் காடையர் நெருப்பு வைத்த பிறகு, பெண்சாதியையும் இரண்டு கம்பளியையும் கொண்டு வன்னிக்கு வந்தவர். எனக்குப் பத்து வயது மூத்தவர் என்றாலும் என்னை அண்ணே என்று தான் கூப்பிடுவார். நான் கிறீஸ் பேணியோடு வந்திறங்கியதைக் கண்டு, என்ன வேலை என்று வேலியடியில் வந்து விசாரித்தார். சொன்னேன். அவர் வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தார்.

"டிரைவரண்ணே, அந்தச் சத்தத்த நிப்பாட்டாதீங்க" என்றார் பிறகு. "அத வெச்சுத்தான் நாங்க சோறாக்குறோம். மலையில எங்க லயத்துக்கு அவனுங்க வந்தப்ப ஒரு சத்தமும் கேக்கல. தட்டுல கைய வெச்சுக்கிட்டு இருந்தோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாஃப்ற் கழண்டு முப்பது சனம் செத்தால் நீங்களோ வந்து பதில் சொல்லுவியள்?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நான் சொன்னதிலும் இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் கிறீஸ் போட்டதைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் பிழை வேறு.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வளவுக்குள் புளியமரத்தின் கீழ் விட்டேன். மச்சான் தண்ணீர் கட்ட வயலுக்குப் போயிருந்தான். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். சாக்கை விரித்து, முதுகு நிலத்தில் படப் படுத்துக்கொண்டு அடியில் நகர்ந்தேன். சாஃப்ற் பின் அச்சோடு சேரும் இடத்தில் இரண்டு தட்டுகளையும் சேர்த்து உளியால் ஒரு கோடு கீறினேன். கழற்றின மாதிரியே பூட்டாவிட்டால் வண்டி முழுவதும் உதறும். நாலு ஆணிகளும் துருவேறி, ஒன்றுக்குச் சுத்தியலும் ஒன்றுக்கு வசவும் தேவைப்பட்டது. என் மனைவி குந்தியிருந்து ஆணி கழற்றும் சாவிகளை எடுத்துத் தந்தாள். எந்தச் சாவி எத்தனையாம் நம்பர் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பெயாரிங் இருந்த நடுக்கூட்டைக் கழற்றித் தண்டை இறக்கித் திறந்தபோது உள்ளே பழைய கிறீஸ் கரிக்கட்டியாக இருந்தது. புழுதி உள்ளே போகாமல் இரண்டு பக்கமும் இருந்த கம்பளி வளையங்கள் உக்கிப் போயிருந்தன. மண்ணெண்ணெயில் பழைய பல்லுத் தூரிகையால் கழுவக் கழுவக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் குண்டுகள் தெரிந்தன. இரண்டு குண்டில் அம்மைத் தழும்பு விழுந்திருந்தது. மற்றவை பரவாயில்லை. துடைத்துக் காயவைத்து விரலால் மெல்லச் சுழற்றினேன். கரகரவென்று சுழன்றது.

வளையத்துக்குக் கம்பளி தேவை. என் மனைவி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, மலையில் இருந்து கொண்டுவந்த அந்தக் கம்பளியின் ஓரத்தில் ஒரு சாண் துண்டு வாங்கிவந்தாள். கொழுந்து பறிக்கும்போது மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி. அதைக் கத்திரித்து எண்ணெயில் ஊறவைத்து இரண்டு வளையம் செய்தேன். அந்த மனுஷர் தன் வீட்டு வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தரவேண்டாம் என்று அவர் பெண்சாதியிடம் சொல்லவில்லை.

குண்டுகளுக்கு இடையில் என்னுடைய தடித்த விரல் போகவில்லை. அவள் தன் வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, கிறீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சுண்டுவிரலால் உள்ளே திணித்தாள். ஒரு குண்டு முடிய மற்றக் குண்டு. இந்தப் பக்கம் திணித்தால் அந்தப் பக்கம் பிதுங்கி வரும் வரைக்கும் விடவில்லை. "இனி உங்களைப் பிரட்டிப்போடாது தானே?" என்று கேட்டாள். "போடாது" என்றேன். கையை மண்ணால் தேய்த்துக் கழுவினாள். கூட்டை மூடி, கோட்டுக்குக் கோடு பிடித்து, நாலு ஆணியையும் இறுக்கினேன்.

பின்னேரம் மூன்றரை மணிக்கு ஓட்டிப் பார்க்கப் போனேன். பெரிய வீதி வரைக்கும் போனேன். சத்தம் இல்லை. சில்லில் கல் தெறிக்கிறது கேட்டது, மரத்தில் புறா கத்துவது கேட்டது. ஏழு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறேன், ஒரு நாளும் புறாவைக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் திரும்பும்போது நன்றாக வேகம் கொடுத்தேன்.

குடியேற்றத்துக்குள் நுழைந்தபோது ஒரு ஆளையும் காணவில்லை. முதல் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய மணம் வந்தது. அடுத்த வீட்டு முற்றத்தில் சுளகும் பாதி புடைத்த அரிசியும் கிடந்தன. கிணற்றடியில் வாளி கவிழ்ந்து கயிறு உள்ளே போயிருந்தது. பாதை நடுவில் ஒரு குழந்தையின் செருப்பு, ஒற்றை. வந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று தான் முதலில் நினைத்தேன். வந்தது நான் என்பது அதற்குப் பிறகு தான் மண்டையில் ஏறியது.

எங்கள் வளவு வாசல் படலையில் என் மனைவி மட்டும் நின்றாள். "எல்லாரும் ஓடிட்டினம்" என்றாள். "இது எங்கட வான் எண்டு கத்தினனான். ஒருத்தரும் நிண்டு கேக்கேல்லை."

காட்டின் விளிம்பில் ஒவ்வொரு தலையாகத் தெரிந்தது. வந்தார்கள். பிள்ளைகள் அழக்கூட மறந்து போயிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக மச்சான் வந்தான். குளத்துக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறான். உடம்பெல்லாம் பாசி. இடுப்பில் கட்டியிருந்த சாரம் காரை முள்ளில் கிழிந்து ஒரு பக்கம் முழங்காலும் மறுபக்கம் தொடையும் தெரிந்தன.

"உன்ர வானோ?" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு.

பயந்துபோன நாற்பது வீட்டுச் சனம் முன்னால் நிற்கிறது. நான் செய்திருக்க வேண்டியது மன்னிப்புக் கேட்பது. எனக்கோ வெட்கம், வெட்கம் வந்தால் என் வாய் இன்னும் நீளும். "ஓம் மச்சான், என்ர வான் தான்" என்றேன். "அது சரி, மிச்சச் சாரத்தை எந்த முள்ளுக்கு உடுத்திவிட்டனீ?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பயம் கழன்ற சிரிப்பு, நிறுத்த முடியாமல் வந்தது. மச்சானும் உதட்டால் சிரித்தான். கண் சிரிக்கவில்லை. அதை நான் கண்டேன். கண்டும் விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே எந்த வண்டி வந்தாலும் ஓடுறது தான்" என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னார். "ஓடிப்போய் அங்கேருந்து பாக்குறது. டிரைவரண்ணன் வண்டின்னா திரும்பி வர்றது." ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். ஹோர்ன் எவனும் அடிக்கலாம் என்றார் அவர். சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என் வானுக்கும் ஓடுவதா என்று எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் வந்தபோது ஊர் வெறுமையாகக் கிடந்தது. இழவு வீட்டுக்குள் போவது போல் இருந்தது. பின்னால் இருந்த சனமும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனது. மச்சான் குளக்கட்டில் இருந்து திரும்பி வந்தான். "இண்டைக்குத் தண்ணிக்குள்ள இறங்கேல்லையோ? மீன் எல்லாம் உன்னைத் தேடியிருக்கும்" என்றேன். வழியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் குளக்கட்டு வரைக்கும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கல் போருக்குள் இருந்து வெளியே வந்தான். தலையில் வைக்கல். "மாடு எண்டு நினைச்சுக் கட்டிப்போட இருந்தனான்" என்றேன்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எழும்பாமல் இருந்தாள். "இஞ்சாருங்கோ, அண்ணையைப் பகிடி விடாதேங்கோ" என்றாள். "அவர் ஓடட்டும். எவ்வளவு தூரம் எண்டாலும் ஓடட்டும்."

"ஓடட்டும். நானோ காலைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்?"

"உங்கட வாய் பிடிச்சு வைச்சிருக்குது" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பகிடி விளங்காது என்று ஏதோ சொல்லிக் கையைக் கழுவினேன்.

புதன்கிழமை நாலு மணிக்கு மற்ற எல்லோரும் ஓடியிருந்தார்கள். மச்சான் படலையடியில் கிடந்த மர வாங்கில் குந்திக் காலை ஆட்டிக்கொண்டு இருந்தான். நான் இறங்கிப் போய் அவன் தோளில் தட்டினேன். "இண்டைக்குத் தான் நீ ஆம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அந்த வாரத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும் தான். காட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு அவனைக் காட்டி, இவனைப் பாருங்கோ என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குள் நின்றவனை நாலே நாளில் படலைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று, சொன்னால் வெட்கம், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வியாழக்கிழமை வவுனியாவில் உரமூட்டைகள் ஏற்றுவதில் நேரம் போய்விட்டது. பெரிய வீதியை விட்டு இறங்கும்போது நாலே முக்கால் இருக்கும். மதகுக்கு இந்தப் பக்கம் வந்தபோது எதிரே புழுதி தெரிந்தது. இரண்டு வாகனங்கள், பச்சை நிறம், பின்பக்கம் தடித்த படங்குத் துணியால் மூடியிருந்தது. புது வாகனங்கள். பெரிய சத்தம் ஒன்றும் இல்லாமல் வந்தன.

அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாச் சாரதிகளுக்கும் தெரியும். வண்டியைப் புல்லில் இறக்கி நிறுத்தினேன். இயந்திரத்தை அணைத்தேன். இரண்டு கையையும் வெளியே தெரியும்படி ஸ்ரியறிங் வளையத்தின் மேல் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் சனமும் குனிந்தது. முதல் வாகனம் போனது. இரண்டாவது எனக்குப் பக்கத்தில் வந்து வேகம் குறைத்துப் பிறகு போனது. உள்ளே யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது. புழுதி அடங்கும் வரை இருந்துவிட்டு, நல்ல காலம், போய்விட்டார்கள் என்று மூச்சு விட்டேன். நான் தலை குனிந்திருந்த அந்த நேரம் மச்சான் எனக்கு ஆறடி தூரத்தில் படங்குக்குள் கிடந்திருக்கிறான்.

குடியேற்றத்துக்குள் நான் நுழைந்தபோது ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் பாதையிலேயே நின்றார்கள். நாலு நாளாக வெறும் ஊரைக் கண்டு வந்த எனக்கு அது அதிசயமாக இருந்தது. வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, "என்ன, இண்டைக்கு ஒருத்தருக்கும் ஓட மனமில்லையோ?" என்று கேட்டேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார்.

"எறங்குங்க, டிரைவரண்ணே" என்றார். "ஒங்க மச்சானக் கொண்டு போய்ட்டாங்க."

என் மனைவி படலையடியில் நிலத்தில் இருந்தாள். அழவில்லை. அவளுடைய காலெல்லாம் முள் கிழித்திருந்தது. அவளும் ஓடியிருக்கிறாள். வாங்கில் வெற்றிலைத் தட்டம் திறந்தபடி இருந்தது.

காட்டு விளிம்பில் நின்று பார்த்ததை அவர் எனக்குப் பிறகு சொன்னார். நாலு மணிக்கு ஊளை இல்லாத வண்டிச் சத்தம் கேட்டிருக்கிறது. எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். மச்சான் மட்டும் வாங்கில் இருந்திருக்கிறான். முன்னால் வந்த வண்டி பாதை வளைவில் திரும்பும்போது எழும்பி, கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் நடந்திருக்கிறான். மூன்றாவது எட்டு வைக்கவில்லை. அப்போது தான் முன்பக்கத்தைக் கண்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு ஓட இடமில்லை.

அடுத்த நாள் முகாமுக்குப் போனோம். அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். அடுத்த கிழமையும் போனோம். பெயரை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தோம். ஆவணியில், புரட்டாதியில், மழை தொடங்கிய பிறகும் போனோம். முள்ளுக்கம்பி ஓரத்தில் எங்களைப் போல் முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். மத்தியானம் ஒருவர் வெளியே வந்து கையை அசைப்பார். எல்லோரும் திரும்பிப் போகவேண்டும் என்று அர்த்தம். என் மனைவி ஒவ்வொரு முறையும் அவனுடைய சாரம் ஒன்றைத் தோய்த்து மடித்துக் கொண்டுவருவாள். அதைத் திருப்பிக் கொண்டுபோவாள்.

அத்தனை மாதமும் நான் ஊரில் கண்டவர்களை எல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் ஓடவில்லை? கால் சுளுக்கியிருந்ததா, நித்திரையா, சுகமில்லையா? எல்லோரும் தெரியாது என்றார்கள், தெரியாது என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். என் மனைவியை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது ஏன் என்று எனக்கு இப்போது தெரியும்.

கார்த்திகையில் ஒரு நாள் முகாமில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் நாங்கள் இருவரும் தான். அவள் முன்னால் எனக்குப் பக்கத்தில், மடியில் அந்த மடித்த சாரத்தோடு. அன்றைக்கு வெளியே வந்த ஆள் கையைக்கூட அசைக்கவில்லை, எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் மேல் காட்ட முடியாத கோபம் மச்சான் மேல் திரும்பியது.

"நல்ல காலிரண்டு இருந்தது" என்றேன். "ஊரே ஓடுது. நீயும் ஓடினாய். அவன் மட்டும் ராசா மாதிரி வாங்கில இருக்கிறான். ஓடியிருக்கலாம் தானே. மடையன்."

அவள் பாதையைப் பார்த்தபடி இருந்தாள். சோறு வெந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில் பேசினாள்.

"அண்ணை எழும்பினவர்" என்றாள். "சத்தம் கேட்ட உடனை எழும்பி வளவின்ர பின்பக்கம் மட்டும் வந்தவர், எனக்குப் பின்னால. வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனான். பிறகு நிண்டிட்டார். 'நீ போ பிள்ளை, நாலு மணி, இது அவன் தான். இண்டைக்கும் ஓடினால் சிரிப்பான்' எண்டார். திரும்பிப் போய் இருந்திட்டார்."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். முகாமுக்குப் பக்கத்தில் இரண்டு மைலுக்கு வாகனம் நிறுத்த அனுமதி இல்லை.